மணப்பாட்டுக் குன்றும் நான் பதில் சொல்லாத ஒரு கேள்வியும்

கொஞ்சம் நீளமான பதிவு. வேலை இருப்பவர்கள் முடித்துவிட்டு வந்து படியுங்கள். பாதியில் விட்டுப் போகிறவர்களை வகுப்பிலேயே எனக்குத் தெரியும், இங்கேயும் தெரியும்!

போன மாதம் குடும்பத்தோடு திருச்செந்தூர் போனோம். பேத்தி குறை மாதத்தில் பிறந்தவள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் கிடந்த நாட்களில், "முருகா, இவளை எனக்குக் கொடுத்துவிடு, உன் சந்நிதிக்குக் கொண்டுவந்து முடியிறக்கிக் காது குத்துகிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். மூன்று வருடம் கழித்து இப்போதுதான் வாய்த்தது. நம்ம நீலகண்டப் பிள்ளையாருக்கு ஒரு சிதறுகாய் போட்டுவிட்டு, அதிகாலை மூன்று மணிக்கு வேனில் கிளம்பினோம்.

கட்டுமாவடி, மீமிசல், தொண்டி, தேவிபட்டினம், ராமநாதபுரம், சாயல்குடி, வேம்பார், தூத்துக்குடி என்று கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்கக் கடல் கூடவே வந்தது. நேர்த்திக்கடன் நல்லபடி முடிந்தது. பேத்தி ஊரைக் கூட்டி அழுதாள், பிறகு மொட்டைத் தலையைத் தடவித் தடவிச் சிரித்தாள். மதியச் சாப்பாடு ஆனதும் மருமகன், "அத்தை, இவ்வளவு தூரம் வந்துட்டோம், வேற எங்கயாவது பார்க்கணுமா?" என்று கேட்டார். யோசிக்கவே இல்லை, "மணப்பாடு" என்றேன். எங்க வீட்டுக்காரர், "அங்க என்ன இருக்கு?" என்றார். "எனக்கு ஒரு பாக்கி இருக்கு" என்றேன்.

அந்தப் பாக்கி என்ன என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

1994 என்று நினைக்கிறேன். எட்டாம் வகுப்பு, சமூக அறிவியல், ஐரோப்பியர் வருகை. கரும்பலகையில் காலக்கோடு போட்டேன். 1498 வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வருகை. 1510 கோவா போர்ச்சுகீசியர் கையில். 1542 பிரான்சிஸ் சவேரியார் வருகை. "சவேரியார் வந்தார், முத்துக்குளித்துறையில் பிரசங்கம் செய்தார், பரதவர்கள் கிறிஸ்தவர்கள் ஆனார்கள்" என்று மூன்று வரியில் முடித்துவிட்டுக் கேள்வி பதில் எழுதச் சொன்னேன்.

கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்தான். கடற்கரை ஊரிலிருந்து வருகிறவன், அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு வல்லம்.

"அவரு எந்த ஊருக்காரரு டீச்சர்?"

"ஸ்பெயின் பக்கம்."

"அப்ப அவருக்குத் தமிழ் தெரியாதுல்ல? என்ன பாஷையில பேசுனாரு? ஒண்ணும் புரியாமயே எப்படி டீச்சர் சனங்க மாறுனாங்க?"

வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. "அதிகப்பிரசங்கி, உட்காருடா. புத்தகத்துல இருக்கறத மட்டும் எழுது" என்றேன். உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் என் வகுப்பில் கேள்வி கேட்டதாக ஞாபகம் இல்லை. அடுத்த வருடம் பள்ளிக்கு வரவில்லை, அப்பாவோடு கடலுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் அதட்டியதால்தான் நின்றான் என்று சொல்ல மாட்டேன், வீட்டு நிலைமை அப்படி. ஆனாலும் நல்ல கேள்வி கேட்ட ஒரு பிள்ளையை உட்கார வைத்தது நான்தான். பணி ஓய்வுக்குப் பிறகு நேரம் கிடைத்து வரலாற்றுப் புத்தகங்களை ஆற அமரப் படிக்கத் தொடங்கியபோது, அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வந்து நின்றது.

சரி, மணப்பாட்டுக்கு வருவோம்.

திருச்செந்தூரிலிருந்து தெற்கே சுமார் 18 கிலோமீட்டர். வழியெல்லாம் பனை. தசராவுக்குப் பேர்போன குலசேகரன்பட்டினம் வழியில்தான் இருக்கிறது. இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியதும் அங்கேதான். அதைத் தாண்டிக் கடல் பக்கம் திரும்பினால், மணல் மேட்டின் மேல் வெள்ளையாக ஒரு கோயில் தெரிகிறது. அதுதான் மணப்பாடு திருச்சிலுவைக் கோயில்.

நம்ம பேராவூரணிப் பக்கத்து ஆட்களுக்கு மேடு என்றாலே ஆற்றங்கரையும் ஏரிக்கரையும்தான். அதனால் அந்தக் குன்று எங்களுக்கு மலையாகவே தெரிந்தது. உண்மையில் பெரிய உயரம் இல்லை. கடல் மணலும் சிப்பிச் சுண்ணாம்பும் காலப்போக்கில் இறுகிப் பாறையானது. கடலுக்குள் மூக்கு நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு பக்கம் அலை வந்து மோதுகிறது, இன்னொரு பக்கம் கருமேனியாறு கடலில் சேரும் கழிமுகம். கோயில், பக்கத்தில் கலங்கரை விளக்கம், கீழே கடல் பக்கமாக ஒரு குகை. மேலே நின்றால் காற்று சேலையைப் பிடித்து இழுக்கிறது. பேத்தியை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இந்தக் கோயிலுக்கு ஊரார் சொல்லும் கதை இது. 1540ஆம் ஆண்டு வாக்கில், நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்த ஒரு போர்ச்சுகீசியக் கப்பல் புயலில் மாட்டிக்கொண்டது. பாய் கிழிந்தது, பாய்மரம் முறிந்தது. "கரை சேர்ந்தால், இந்த மரத்திலேயே சிலுவை செய்து நடுகிறேன்" என்று கப்பல் தலைவர் வேண்டிக்கொண்டார். கப்பல் இந்தப் பக்கம் ஒதுங்கியது. சொன்னபடியே முறிந்த பாய்மரத்தில் சிலுவை செய்து குன்றின் மேல் நட்டார். பிறகு 1581இல் அங்கே கோயில் எழுந்தது. இயேசுநாதர் அறையுண்ட சிலுவையின் துண்டு என்று போற்றப்படும் திருப்பண்டம் ஒன்றும் இங்கே இருக்கிறது. வருடந்தோறும் செப்டம்பர் 14 பெரிய திருவிழா. எங்கெங்கோ பிழைக்கப் போன மணப்பாட்டுக்காரர்கள் அன்றைக்கு ஊர் திரும்பிவிடுவார்களாம்.

கதையைக் கேட்டதும் உங்களுக்கு வேளாங்கண்ணி ஞாபகம் வந்திருக்கும். அங்கேயும் போர்ச்சுகீசிய மாலுமிகள், புயல், வேண்டுதல், கரை சேர்தல், கோயில். உலகம் முழுக்கவே கடலோடிகள் இப்படித்தான் செய்திருக்கிறார்கள். போர்ச்சுகலில் நசரே என்ற ஊரிலும் கடலோரச் செங்குத்துப் பாறையின் மேல் மாதா கோயில் இருக்கிறது. உயரத்தில் கட்டுவதற்குப் பக்தியோடு இன்னொரு காரணமும் உண்டு. கடலில் இருப்பவனுக்குக் கரையடையாளம் வேண்டும். நம்ம மல்லிப்பட்டினம் மனோராவை நினைத்துக்கொள்ளுங்கள். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்காக 1814இல் சரபோஜி மன்னர் எழுப்பிய எட்டடுக்குக் கோபுரம் அது. நெப்போலியன் யாரென்றே தெரியாத மீனவருக்கும் அது வழிகாட்டிற்று.

கீழே பனையோலைப் பெட்டி முடைந்துகொண்டிருந்த ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். பனையோலைக் கைவேலைக்கு மணப்பாடு பேர்போன ஊர்.

"எங்கேருந்து வாறீக அக்கா?"

"பேராவூரணி. தஞ்சாவூர் ஜில்லா."

"ஆத்தாடி, அம்புட்டுத் தூரமா?" என்றவர், குன்றைக் காட்டிச் சொன்னார். "கடல்லேருந்து வாறப்ப மொதல்ல கண்ணுல படுறது இந்தக் கோயில்தான். அதக் கண்டாத்தான் உசுரு வரும்னு எங்க வீட்டுல அவுக சொல்லுவாக."

இனி சவேரியாருக்கு வருகிறேன். முதலில் என் தவறு ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். சவேரியார் வந்து முத்துக்குளித்துறை மக்களை மதம் மாற்றினார் என்று வருடக்கணக்கில் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன் அல்லவா? அது சரியில்லை. அவர் வருவதற்கு ஐந்தாறு வருடம் முன்பே அந்த மக்கள் திருமுழுக்குப் பெற்றுவிட்டார்கள்.

நடந்தது இது. வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு என்று இந்தக் கரையில் பரதவர்களின் ஏழு ஊர்கள் பேர்பெற்றவை. மன்னார் வளைகுடாவின் முத்துதான் அவர்கள் வாழ்வு. முத்து என்றால் பணம், பணம் என்றால் போட்டி. 1530களில் முத்துக்குளிப்பிலும் வணிகத்திலும் இருந்த இரண்டு தரப்புகளுக்கு இடையே பகை முற்றிப் பெரும் சண்டையானது. உள்ளூர் அரசர்களிடம் அவர்களுக்குக் காப்பு கிடைக்கவில்லை. அப்போது கோழிக்கோட்டைச் சேர்ந்த குதிரை வணிகர் ஒருவர், ஏற்கெனவே கிறிஸ்தவரானவர், ஜான் த குரூஸ் என்று பெயர், ஒரு வழி சொன்னார். "கொச்சியில் போர்ச்சுகீசியர் இருக்கிறார்கள். அவர்களிடம் கப்பலும் பீரங்கியும் இருக்கிறது. அவர்கள் மதத்தில் சேர்ந்தால் காப்பார்கள்." பட்டங்கட்டிகள் எனப்பட்ட ஊர்த்தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் பேசினார்கள். 1536, 1537 ஆண்டுகளில் கரை நெடுகத் திருமுழுக்கு நடந்தது. சுமார் 20,000 பேர் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. போர்ச்சுகீசியப் படை காப்பளித்தது, முத்தில் தன் பங்கையும் எடுத்துக்கொண்டது. குருக்கள் தண்ணீர் ஊற்றிப் பெயர் வைத்துவிட்டுத் திரும்பினார்கள். மக்களுக்குப் புதுப் பெயர் இருந்தது, அந்த மதத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லித் தர ஆள் இல்லை.

அந்த நிலையில்தான் 1542இல் சவேரியார் வருகிறார். மே மாதம் கோவா, அக்டோபர் வாக்கில் இந்தக் கரை. 1506இல் நவார் நாட்டில், கோட்டையும் கொத்தளமும் உள்ள குடும்பத்தில் பிறந்தவர். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே அரிஸ்டாட்டில் தத்துவம் சொல்லிக் கொடுத்தவர். ஆமாம் பிள்ளைகளே, அவரும் ஒரு வாத்தியார்தான்.

அவரே ரோமுக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொள்கிறார்: அவர்கள் பேசுவது எனக்குப் புரியவில்லை, நான் பேசுவது அவர்களுக்குப் புரியவில்லை, என் தாய்மொழி பாஸ்க், அவர்கள் மொழி வேறு என்று. (தமிழை அன்றைய போர்ச்சுகீசியர் 'மலபார் மொழி' என்றே சொன்னார்கள்.) என் மாணவன் 1994இல் கேட்ட கேள்வியை, அந்த மனிதர் 1544இலேயே தன்னைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்!

என்ன செய்தார்? இரண்டு மொழியும் தெரிந்த சிலரைத் தேடிப் பிடித்தார். பல நாள் உட்கார்ந்து செபங்களைத் தமிழாக்கினார்கள். அதை அவர் மனப்பாடம் செய்தார். கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருவில் ஆட்டிக்கொண்டே போனார். மணிச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் சும்மா இருக்குமா? பின்னாலேயே ஓடின. ஒரு நாளைக்கு இரண்டு வேளை பிள்ளைகளைச் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தார். "இதை வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும், பக்கத்து வீட்டுக்கும் சொல்லிக் கொடுங்கள்" என்றார். நோயாளிகள் கூப்பிட்டால் தான் போக முடியாதபோது பிள்ளைகளை அனுப்பிச் செபம் சொல்லச் சொன்னார். மாணவர்களையே ஆசிரியர்களாக்குவது பற்றி எங்களுக்கு ஆசிரியர் பயிற்சியில் வகுப்பெடுத்தார்கள். அது இந்தக் கடற்கரையில் எத்தனையோ காலம் முன்பே நடந்திருக்கிறது.

அவர் போன பிறகும் ஊரில் செபம் சொல்லித் தர ஆள் வேண்டுமே? ஊருக்கு ஒருவரை ஏற்பாடு செய்தார். அவர்களைக் கடிதங்களில் 'கணக்கப்பிள்ளை' என்ற நம்ம சொல்லாலேயே குறிப்பிடுகிறார், போர்ச்சுகீசிய நாக்கில் சிதைந்த உச்சரிப்போடு. அவர்களுக்குச் சம்பளம்? முத்துக்குளித்துறையிலிருந்து போர்ச்சுகல் அரசியின் காலணிச் செலவுக்கென்று ஒரு வரிப்பணம் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பணத்தை இந்த ஆசிரியர்களுக்குத் திருப்பிவிடக் கேட்டு வாங்கினார். அரசியின் செருப்புக் காசு வாத்தியார் சம்பளமான கதை வேறு எங்கும் நான் படித்ததில்லை.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடம். அந்த முதல் தமிழாக்கத்தில் தப்புகள் இருந்தன. விசுவாச அறிக்கையில் 'கடவுளை நம்புகிறேன்' என்று வர வேண்டிய இடத்தில், உதவியவர்கள் 'எனக்கு வேணும்' என்று போட்டுக் கொடுத்துவிட்டார்கள்! ஊர் ஊராக, குழந்தை குழந்தையாக, 'எனக்கு வேணும்' என்று ஓதியிருக்கிறார்கள். தன்னோடு பணி செய்த மன்சீலியாஸ் என்பவருக்குச் சவேரியார் எழுதிய கடிதம் ஒன்றில் இதைத் திருத்துகிறார். 'வேணும்' என்றால் ஆசைப்படுவது, 'விசுவாசம்' என்பதே சரி, இனி அப்படிச் சொல்லச் சொல் என்கிறார். இன்னோரிடத்தில், இயேசு பாடுபட்டதைச் சொல்லும்போது 'பலவந்தத்தால்' என்று பொருள்படும் சொல் விழுந்திருந்தது. அதையும் எடுக்கச் சொல்கிறார், அவர் தாமாக விரும்பி ஏற்றார் என்பதால்.

இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பாரிஸில் தத்துவம் நடத்திய மனிதர், தான் சொல்லிக் கொடுத்தது தப்பு என்று தெரிந்ததும், கூச்சப்படாமல் "மாற்றிச் சொல்லிக் கொடு" என்று எழுதுகிறார். நானோ ஒரு பதின்மூன்று வயதுப் பையனிடம் "எனக்குத் தெரியலப்பா, படிச்சுட்டு வந்து சொல்றேன்" என்று சொல்ல மாட்டாமல் போனேன்.

மணப்பாட்டிலிருந்து அவர் எழுதிய கடிதங்கள் பல இன்றும் கிடைக்கின்றன. அவற்றில் 1544 ஜூன் மாதத்துச் சேதி மறக்க முடியாதது. வடுகப் படை கன்னியாகுமரிப் பக்கம் பாய்ந்தது. கரையோர மக்கள் உயிர் தப்பக் கடலுக்குள் இருந்த பாறைகளில் ஏறி ஒளிந்தார்கள். வெயில், பசி, தாகம். அங்கேயே சிலர் செத்தார்கள். சேதி கேட்ட சவேரியார் உணவும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு 20 தோணிகளோடு மணப்பாட்டிலிருந்து கிளம்பினார். எதிர்க்காற்று. எட்டு நாள் போராடியும், துடுப்புப் போட்டும் தோணி முனையை எட்டவில்லை. திரும்ப வேண்டியதாயிற்று. பிறகு தரைவழியே நடந்தே கன்னியாகுமரிக்குப் போய்ச் சேர்ந்தார். மற்ற ஊர்க்காரர்களிடம் அரிசியும் உதவியும் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தார்.

குன்றின் மேல் நின்று தெற்கே பார்த்தபோது அந்த 20 தோணிகள்தான் என் நினைவில் இருந்தன. நமக்கும் அது தெரியாததா? 2018 நவம்பர் 16, கஜா. விடிந்து பார்த்தால் தென்னந்தோப்பெல்லாம் சாய்ந்து கிடந்தது. கரண்டு இல்லை, போன் இல்லை, மோட்டார் ஓடாததால் தண்ணீர் இல்லை. வீட்டுத் தொட்டியில் இருந்த தண்ணீரைச் சொம்பு சொம்பாக எண்ணிச் செலவு செய்தோம். நான்காம் நாள் வெளி மாவட்டத்துப் பையன்கள் ஒரு மினி லாரியில் தண்ணீர்க் கேன் கொண்டுவந்து தெருவில் இறக்கினார்கள். வழியில் மரம் வெட்டி வெட்டி வந்ததாகச் சொன்னார்கள். எந்த மதம், எந்தச் சாதி, எந்தக் கட்சி என்று நாங்கள் கேட்கவில்லை. பெயர் கேட்கக்கூட மறந்துவிட்டோம். தண்ணீர் கொண்டு வந்தவன் முகம் மட்டும் இன்றும் ஞாபகம் இருக்கிறது. 1544இல் அந்தப் பாறையில் இருந்தவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இத்தோடு நிறுத்தினால் கதை இனிப்பாக முடிந்துவிடும். வரலாறு சொல்கிறவள் பாதியை மறைக்கக் கூடாது. பழைய சிலைகளைப் பிள்ளைகளே அடித்து உடைத்ததை அதே சவேரியார் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். ஒரு கோயிலில் 200க்கும் மேற்பட்ட அந்தணர்களைச் சந்தித்து வாதிட்டதைச் சொல்லும் இடத்தில் அவர்களைப் பற்றிக் கடுமையாகவே எழுதுகிறார். அந்தக் கோயில் திருச்செந்தூர் என்பது ஆய்வாளர்கள் கருத்து. காலையில் நாங்கள் முடியிறக்கிய அதே திருச்செந்தூர்! 1546இல் போர்ச்சுகல் அரசருக்கு எழுதிய கடிதத்தில், கோவாவுக்கு மத விசாரணை மன்றம் வேண்டும் என்று கேட்டார். 1560இல் அது வந்தது, அவர் இறந்து எட்டு ஆண்டுக்குப் பிறகு. அந்த மன்றத்தால் எத்தனையோ பேர் துன்பப்பட்டார்கள். தோணியில் தண்ணீர் ஏற்றிய கையும், அந்தக் கடிதம் எழுதிய கையும் ஒரே கைதான். இரண்டையும் சேர்த்துத்தான் அவரைப் பார்க்க வேண்டும்.

நம்ம பக்கத்துக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1545 ஏப்ரலில் அவர் நாகப்பட்டினத்தில் இருந்தார். அங்கிருந்து எழுதிய கடிதம் இருக்கிறது. அங்கிருந்து மயிலாப்பூர் போய், பிறகு மலாக்கா, ஜப்பான் என்று போனவர், 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரையோரத் தீவு ஒன்றில் இறந்தார். 1622இல் புனிதர் பட்டம். உடல் கோவாவில் இருக்கிறது.

அவர் விட்ட மொழிக் குறையைத் தீர்த்தவர் அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார். இவர் போர்ச்சுகீசியர். புன்னைக்காயல், தூத்துக்குடிப் பக்கமே ஐம்பது வருடத்துக்கு மேல் இருந்து, தமிழை முறையாகக் கற்று, இலக்கணமும் எழுதினார். 1554இல் லிஸ்பனில் ஒரு தமிழ்ச் செப நூல் அச்சானது, ஆனால் ரோமன் எழுத்தில். அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சானது. 16 பக்கம்தான். ஆனால் இந்திய மொழி எழுத்தில் இந்திய மண்ணில் அச்சேறிய முதல் புத்தகம் அது. 'எனக்கு வேணும்' என்ற ஒரு தப்பில் தொடங்கிய முயற்சி, நாற்பது வருடத்துக்குள் தமிழை அச்சில் ஏற்றிவிட்டது.

கடைசியாகக் குகைக்குப் போனோம். கடல் பக்கம் இறங்கிப் போக வேண்டும். சவேரியார் தங்கித் தவம் செய்த இடம் என்கிறார்கள். அதற்கு முன்பு ஒரு சைவத் துறவி அங்கே இருந்தார் என்றும் சொல்கிறார்கள். உள்ளே சிறு கிணறு. இத்தனை கடலுக்குப் பக்கத்தில் தண்ணீர் உப்புக் கரிக்காமல் இருக்கிறது. காலையில் திருச்செந்தூர் நாழிக்கிணற்றில் குளித்தபோதும் இதே அதிசயத்தைத்தான் பேசினோம். மணலுக்குள் இறங்கும் மழைநீர் உப்புநீரை விட லேசானது, அதனால் அதன் மேல் தங்கி நிற்கும் என்று அறிவியல் வகுப்பில் சொல்லலாம். இரண்டு சாமிக்கும் ஒரே மழைதான்!

அந்தக் குகையில் உட்கார்ந்திருந்தபோது, முப்பது வருடத்துக்கு முந்திய கேள்விக்கு எனக்கு ஒரு பதில் தோன்றியது.

தம்பி, நீ கேட்டது சரிதான். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்து மாறவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது. உயிருக்குக் காப்பு வேண்டியிருந்தது, கடல் வேண்டியிருந்தது, முத்து வேண்டியிருந்தது. அதைத்தான் கேட்டார்கள். அந்தத் தமிழாக்கம் இலக்கணப்படி தப்பு. ஆனால் அந்த மக்களின் மனசுப்படி, 'எனக்கு வேணும்' என்பதுதான் அன்றைக்கு உண்மை. நம்பிக்கை பிறகு மெல்ல வந்தது. பிள்ளைகள் சொல்லிக் கொடுத்து, பாட்டிகள் சொல்லிக் கொடுத்து, தலைமுறை தலைமுறையாக ஊறி வந்தது. 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். போர்ச்சுகீசியக் கப்பலும் பீரங்கியும் போய்விட்டன. காப்புக்காக மட்டும் மாறியிருந்தால் அன்றைக்கே விட்டிருக்கலாம். அவர்கள் விடவில்லை. அதற்குள் 'வேணும்' என்பது 'விசுவாசம்' ஆகிவிட்டது. சவேரியார் கடிதத்தில் செய்த திருத்தத்தை, மக்கள் நூறு வருடம் வாழ்ந்து செய்து முடித்தார்கள்.

நானும் என்ன செய்தேன்? கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று "எனக்கு வேணும்" என்றுதான் முருகனிடம் கேட்டேன். கப்பல் தலைவரும் அதைத்தான் கேட்டார். கஜா இரவில் ஓடு பறந்தபோது எல்லா வீட்டிலும் எல்லாச் சாமியிடமும் அதைத்தான் கேட்டார்கள். அதனால் யாருடைய வேண்டுதலையும் பார்த்து இனி நான் சிரிக்க மாட்டேன்.

பொழுது சாயக் கிளம்பினோம். வேன் திரும்பும் வரை வெள்ளைக் கோயில் தெரிந்துகொண்டே இருந்தது. பேத்தி ஓலைப் பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.

அந்தப் பையன் பெயரை இங்கே எழுதவில்லை. அவனோடு படித்தவர்களுக்குத் தெரியும், கடைசி பெஞ்ச், ஜன்னல் பக்கம். இப்போது நாற்பதைத் தாண்டியிருப்பான். எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை. யாருக்காவது தொடர்பு இருந்தால் இந்தப் பதிவை அவனுக்குக் காட்டுங்கள். "டீச்சர் பதில் கண்டுபிடிச்சுட்டாங்க, அன்னைக்கு உட்கார வச்சதுக்கு மன்னிப்புக் கேட்டாங்க" என்று சொல்லுங்கள். இன்னொரு கேள்வி இருந்தால் கேட்கட்டும். இந்த முறை தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்வேன்.

உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடைசி பெஞ்சிலிருந்து வரும் கேள்வியை உட்கார வைக்காதீர்கள்.

பதிவில் தவறு இருந்தால் தயங்காமல் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
பேராவூரணி.